இதயம் நிற்கும் நேரத்தில்

எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காமல் கலங்கி நிற்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் பேசுவது பெர்ஃபியூஷனிஸ்ட் பணியைப் பற்றித்தான். திறந்த இதய அறுவை சிகிச்சையில் இதயம் நிறுத்தப்பட்டிருக்கும்போது, இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உள்ளே செலுத்தும் இயந்திரத்தை இயக்கி, இரத்தம் உறைந்துவிடாதபடி தரப்படும் ஹெபாரின் மருந்தின் அளவையும் கண்காணிப்பவர் இவரே. 1953-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டிய இயந்திரத்தின் வழித்தோன்றல் இந்த இயந்திரம். கருஞ்சிவப்பாக வந்த இரத்தம் ஆக்சிஜன் ஏற்றும் பகுதியான ஆக்சிஜனேட்டரைக் கடந்ததும் பளிச்சென்று செந்நிறமாவதை முதன்முதலாகக் கண்ட நாளை என் அக்கா மகள் இன்றும் நெகிழ்ந்து சொல்வாள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்களுக்கு இது பி.எஸ்சி. பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அமெரிக்காவில் இப்பணிக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் கிடைப்பது இயல்பு. இங்கே தொடக்கச் சம்பளம் குறைவுதான், அனுபவம் கூடக்கூட உயரும்.