ஆபரேஷன் தியேட்டரில் ரெக்கார்டிங் ஆரம்பித்த கதை

மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்களை, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுச் செய்வதை, ரெக்கார்ட் செய்து பி.ஜி.க்களுக்கு (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு) பாடம் எடுக்கலாம் என்று எங்கள் சர்ஜரி சீஃப் சொன்னார். படம்தான் ஏற்கெனவே டிவியில் ஓடுகிறதே, சேமித்தால் முடிந்தது என்பது அவர் கணக்கு. வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எத்திக்ஸ் கமிட்டி. யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், நோயாளி பிறகு வேண்டாம் என்றால் அழிப்பீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இதையெல்லாம் வாய்வார்த்தையில் விட முடியாது. ஆபரேஷனுக்கான சம்மதம் வேறு, வீடியோவுக்கான சம்மதம் வேறு என்று தனிப் படிவம் போட்டோம். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரிடம் பேனாவை நீட்டக்கூடாது, முந்தின நாளே வார்டில் உட்கார்ந்து பேசி வாங்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன்.

பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்த மேலூர் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூஞ்சி தெரியுமா தம்பி?" என்றார்.

"இல்லம்மா, வயித்துக்குள்ள மட்டும்தான்."

"அதை எவன் பாத்தா எனக்கென்ன? யூடியூப்புல மட்டும் போட்டுறாதீங்க, எங்க மருமகன் முழுநாளும் அதுலதான் கெடப்பாரு."

மூஞ்சி தெரியாது என்று சொன்னதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. லென்ஸில் ஆவி படிந்தால் கேமரா பிடிக்கும் பி.ஜி. ஸ்கோப்பை வெளியே உருவி வெந்நீரில் முக்குவார். அந்த நேரமும் ரெக்கார்டிங் ஓடும். சிஸ்டர் முகம், சில சமயம் நோயாளி முகமே விழுந்துவிடும். அந்தத் துண்டுகளை எல்லாம் வெட்ட வேண்டும். திரை மூலையில் வரும் நோயாளியின் பேரையும் ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) முன்கூட்டியே அணைக்க வேண்டும். ஆடியோவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். தியேட்டரில் பேசுவதெல்லாம் பாடமா என்ன!

டிவிக்குப் போகும் படத்தைப் பதிவு செய்து தரும் கேப்சர் கார்டு டவுன்ஹால் ரோட்டில் கிடைத்தது. நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஒன்று: பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 ஃபார்மேட்டில் இருந்தால் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. கருவியைப் பொறுத்து ஃபைல் துண்டாகும், அல்லது ரெக்கார்டிங்கே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், கருவி அதை ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கிளிப்கூடப் போகக்கூடாது என்று எழுதியே ஒட்டிவிட்டோம்.

சீஃப் ஆறு நிமிட ஹைலைட்ஸ் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. சுத்தமாக வெட்டிய வீடியோவில் எல்லாப் பித்தப்பையும் சுலபமாகத்தான் வரும். வீங்கி ஒட்டிப்போன ஒரு கேஸில் அவர், வெட்டும் முன் குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடுகிற கிளிப்பரைக் கையில் வாங்கிவிட்டு, போடாமல் திருப்பிக் கொடுத்தார். கழுவி, மறுபடி கொழுப்பை உரிக்க ஆரம்பித்தார். அதை முழுசாகப் போட்டேன். ஒரு பி.ஜி., "அங்க ஏன் சார் கிளிப் போடல?" என்றான். சீஃப் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினார். "பித்தப்பைக்குள்ள ரெண்டே ரெண்டு குழாய்தான் போகணும். நடுவுல கொழுப்பு, நார் இருக்கக் கூடாது. அடிப்பகுதி மூணுல ஒரு பங்கு லிவர்லருந்து பிரிஞ்சிருக்கணும். இங்க எதாவது தெரியுதா?" 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் சொன்ன அதே மூன்று நிபந்தனைதான், பரீட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் செய்வது. அன்று திரையில் அது இல்லாததைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சீஃப் ஹைலைட்ஸ் பேச்சையே எடுக்கவில்லை.

திறந்து செய்யும் ஆபரேஷன்தான் இன்னும் பிடிபடவில்லை. கண் டாக்டர்களுக்கு மைக்ரோஸ்கோப்பிலேயே கேமரா. அவர்கள் பார்ப்பதை அதுவும் பார்க்கும். எங்களுக்கு மேலே மாட்டினால் சர்ஜனின் தலை மறைக்கிறது, நெற்றியில் கட்டினால் படம் ஆடி ஆடித் தலை சுற்றுகிறது, லைட் வெளிச்சத்தில் காயம் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. லைட்டின் கைப்பிடியிலேயே கேமரா உள்ள மாடலுக்கு விலை கேட்டிருக்கிறோம். அது வரும்வரை ஹெர்னியாவைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் பி.ஜி.க்கள் படிக்க வேண்டும்.