பிரெஞ்சு வகுப்புச் செயற்றிட்டத்துக்குக் கமார்க்கை எடுங்கள்

"பிரான்சின் ஒரு பிராந்தியத்தைப் பற்றிச் செய்துகொண்டு வாருங்கள்" என்று பிரெஞ்சு வகுப்பில் சொன்னால், கிளிநொச்சியிலும் சரி வவுனியாவிலும் சரி, பிள்ளைகள் பாரிசைத்தான் எடுப்பார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் உள்ள லாசப்பலில் மாமாவோ சித்தியோ இருப்பார். ஈஃபிள் கோபுரத்தின் படம் சுலபமாகக் கிடைக்கும். இணையத்தில் எடுத்த நாலு வரியை டிமைத் தாளில் எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும், ஏனென்றால் அந்த நாலு வரியில் அதற்குச் சொந்தமாகத் தெரிந்தது எதுவும் இல்லை.

வன்னிப் பிள்ளைகளுக்குப் பொருந்துவது கமார்க். தென் பிரான்சில் ஆர்ல் நகரத்துக்குச் சற்று வடக்கே ரோன் ஆறு பெரிய ரோன், சின்ன ரோன் என இரண்டாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தாழ்நிலந்தான் கமார்க். அங்கே நெல் விளைகிறது, உப்பு விளைகிறது, களப்பில் பூநாரை நிற்கிறது, மாட்டுப் பட்டி திரிகிறது. வைகாசியில் கடற்கரையில் பெருந்திருவிழா. இவற்றில் எதையும் வன்னிப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சொற்களை மட்டும் கொடுத்தால் போதும்.

நாலு பேர் கொண்ட குழு, மூன்று கிழமை. நெல், மாடு, திருவிழா, உப்பும் பறவையும் என்று ஆளுக்கு ஒன்று. முதற்கிழமை ஊரில் விசாரிப்பு, இரண்டாம் கிழமை கமார்க் பற்றிய வாசிப்பு, மூன்றாம் கிழமை எழுத்தும் பேச்சும். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். கமார்க்கை முதலில் வாசித்தவர்கள் அதில் உள்ளதையே ஊரிலும் தேடுவார்கள். ஊரை முதலில் விசாரித்தவர்களுக்குத்தான் கமார்க்கிடம் கேட்கக் கேள்வி இருக்கும்.

நெல்லில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறந்துவிடுவது?" என்று கமக்காரரைக் கேட்டால் இரணைமடுக் குளம், தண்ணீர் திறக்கும் துருசு, வாய்க்கால், கமக்காரர் அமைப்பு என்று பதில் நீளும். அதே கேள்வியைக் கமார்க்குக்குப் போட்டால், அங்கே ரோன் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கிறார்கள் என்பது தெரியவரும். குளம் இல்லை. நிலத்தடியில் உப்புநீர் இருக்கிறது. வயலில் நிற்கும் நன்னீர்தான் அந்த உப்பைக் கீழே அழுத்தி வைக்கிறது. நெல் விதைப்பதை விட்டால் உவர் மேலே ஏறும். கடலோர வயல் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். போகத்திலும் வேறுபாடு உண்டு: நமக்குக் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு. அங்கே குளிர்காலம் இருப்பதால் ஒன்றுதான். சித்திரை கடைசியிலும் வைகாசியிலும் விதைத்து, புரட்டாதி ஐப்பசியில் அறுப்பார்கள். கமார்க் அரிசி 2000 ஆம் ஆண்டில் ஐரோப்பியப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றது.

அளவுகளில் எல்லாரும் சறுக்குவார்கள். நம்மவர் ஏக்கர், புசல் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரருக்கு எக்டரும் டன்னும் வேண்டும். ஒரு எக்டர் 2.47 ஏக்கர். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோ. ஏக்கருக்கு 100 புசல் விளைந்தால் எக்டருக்கு ஏறத்தாழ 5.2 டன். கணக்கைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள், கேட்பார்கள்.

மாட்டுக்குழுவுக்குத்தான் நல்ல விருந்து. கமார்க்கில் பட்டிக்கு மனாட் என்று பெயர். வெள்ளைக் குதிரையில் ஏறி, முச்சூலக் கோல் பிடித்து மேய்ப்பவர் கார்தியான். ஒரு வயதுக் கன்றைக் குதிரைக்காரர் பட்டியிலிருந்து பிரித்து ஓட்டிவர, கீழே நிற்பவர்கள் மடக்கி வீழ்த்தித் தொடையில் மனாட்டின் குறியைச் சுடுவார்கள். இந்த நிகழ்ச்சி ஃபெராட். காட்டோரம் பட்டி வைத்திருந்து மாட்டுக்குக் குறிசுட்ட ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இந்த ஒரு தலைப்பே செயற்றிட்டம் முழுவதற்கும் போதும். எந்தப் பருவத்தில் சுடுவார்கள், எத்தனை பேர் வேண்டும், புண்ணுக்கு என்ன பூசுவார்கள் என்று கேளுங்கள். கமார்க்கின் மாட்டு விளையாட்டை ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையோடு குழப்பக் கூடாது. கூர்ஸ் கமார்கேஸ் என்பதில் மாட்டின் கொம்புகளில் கட்டிய நாடாவையும் குஞ்சங்களையும் வெள்ளை உடுப்புக்காரர் பறித்தெடுப்பார்கள். மாட்டைக் கொல்வதில்லை, ஒரு மாடு களத்தில் நிற்பது அதிகம் 15 நிமிடம். சமையலுக்கு மாட்டிறைச்சிக் குழம்புதான் எல்லா இடத்திலும் வரும். அது வீட்டில் புழங்காதவர்கள் விட்டுவிடலாம். கமார்க்கிலும் சிவப்பரிசி உண்டு, நம் சிவப்பரிசியில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளையில் வைத்து அதைப் பற்றிப் பேசுங்கள்.

திருவிழாவில் நிதானம் தேவை. மே 24 ஆம் திகதி சென்ட்-மரி-த-லா-மெர் ஊரில் ஜிப்சி மக்கள் தாங்கள் வணங்கும் சாராவின் சிலையைத் தேவாலயத்திலிருந்து தூக்கிக் கடலுக்குள் இறங்குவார்கள். கார்தியான்கள் குதிரையில் கூட வருவார்கள். மறுநாள் அந்த ஊர்ப் புனிதர்களான இரண்டு மரியாள்களின் ஊர்வலம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலில் பாக்குத்தெண்டல், முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்தல், உப்புநீரில் விளக்கெரித்தல் என்று வரிசையாகப் போகும். அங்கே சிலை கடலுக்குப் போகிறது, இங்கே கடல்நீர் கோயிலுக்கு வருகிறது. அவ்வளவை எழுதுங்கள். "சாராதான் அவர்களின் கண்ணகி" என்று எழுத வேண்டாம். சாராவைக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவிக்கவும் இல்லை.

உப்புக்கு இங்கே ஆனையிறவு, அங்கே எக்-மோர்த்; பறவைக்கு இங்கே வங்காலைக் களப்பு, அங்கே வக்காரெஸ் களப்பு. இரண்டிடத்துப் பூநாரையும் ஒரே இனம் என்பதே நல்ல தொடக்கம்.

விசாரிப்பில் ஒரு கவனம் மிக முக்கியம். கடந்தகாலத் தொடர்வினையான அம்பார்ஃபேயைப் பழக்குவதற்காக "முந்தி உங்களிடம் எத்தனை மாடு நின்றது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வன்னியில் அந்தக் கேள்வி நேரே இடப்பெயர்வுக்கும் 2009 க்கும் போகும். அதனால் எண்ணிக்கையைக் கேட்காமல் வேலையின் முறையைக் கேளுங்கள். அப்புவோ ஆச்சியோ தாமாக அந்தப் பக்கம் போனால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு இருந்து கேளுங்கள். அவர் சம்மதிக்காமல் அதைத் தாளில் ஏற்றக் கூடாது.

எழுத்தில் ஆளுக்கு 60 முதல் 80 சொல் போதும். டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு பயிற்சிக்கும் கேட்பது குறைந்தது 60 சொல்தான். பிழை வரும் இடங்கள் தெரிந்தவைதான். 'இல்' என்ற பொருளில் கமார்க்குக்கு முன்னால் 'ஆன்', ஆர்லுக்கு முன்னால் 'ஆ', சென்ட்-மரிக்கு முன்னால் 'ஓ', வன்னிக்கு 'தான் ல'. நெல் பயிரிடுகிறார்கள் என்றால் 'த்யு ரி', பயிரிடுவதில்லை என்றால் 'த ரி'. எதிர்மறையில் 'த்யு' போடுவதுதான் அடிக்கடி வரும் பிழை. தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பிள்ளையின் மட்டத்துக்கு மேலான வினைவடிவங்கள் வந்துவிடும், பேசும்போது அவை வாயில் நிற்காது.

பேச்சு ஆளுக்கு இரண்டு நிமிடம். தாளைப் பார்த்து வாசிக்க விட வேண்டாம். கையில் ஐந்து சொல் எழுதிய சிறு அட்டை மட்டும். பேச்சுக்கு முதல்நாள் மற்றக் குழுவை ஆளுக்கு மூன்று கேள்வி கேட்க விடுங்கள்: எப்போது, யார், ஏன். பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். அதற்கு ஒரு வசனத்தை எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கட்டும்: "ஜ ந சே பா, மே ஜ வே தெமாந்தே ஆ மோன் க்ரான்-பேர்." தெரியாது, அப்புவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பொருள். அண்மை எதிர்காலமும் அதிலேயே பழகிவிடும்.