கல்லூரி பேண்ட் மாநாட்டை எங்கள் வளாகத்தில் நடத்திய அனுபவம்

அமெரிக்காவில் படித்த காலத்தில் கல்லூரியின் மார்ச்சிங் பேண்டில், அதாவது அணிவகுத்தபடி வாசிக்கும் இசைக்குழுவில், கிளாரினெட் வாசித்தேன். அந்தப் பழக்கத்தில்தான் கப்பா கப்பா சை என்ற பேண்ட் மாணவர் சங்கத்தில், அதாவது ஒரு ஃபிரட்டர்னிட்டியில், சேர்ந்தேன். ஃபிரட்டர்னிட்டி என்றதும் சினிமாவில் காட்டும் பெரிய வீடும் விடிய விடிய பார்ட்டியும் ஞாபகம் வரும். இது அந்த வகை இல்லை. பேண்டுக்கு வேலை செய்வதுதான் சங்கத்தின் நோக்கமே. சீருடை கொடுத்து வாங்குவது, லாரியில் கருவிகளை ஏற்றி இறக்குவது, வெயிலில் ஒத்திகை நடந்தால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு.

1919இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் தொடங்கிய சங்கம் இது. அப்போது ஆண்கள் மட்டும்தான். பிறகு டெக்சஸ் டெக் கல்லூரி மாணவி வேவா பேன்ஸ், பேண்டில் இருக்கும் பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1946இல் டவ் பீட்டா சிக்மா பிறந்தது. அவருடைய கல்லூரியில் அப்போது அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் முதல் கிளை என்ற பெருமை ஸ்டில்வாட்டருக்குப் போனது. டெக்சஸ் டெக் இரண்டாவது கிளை ஆனது. இன்று இரண்டு சங்கங்களிலும் ஆண், பெண் இருபாலரும் உண்டு. இரண்டுக்கும் ஒரே தலைமையகம், ஸ்டில்வாட்டரின் பழைய ரயில் நிலையக் கட்டடம்.

இந்தச் சங்கங்களுக்கு நாடு முழுவதும் ஆறு டிஸ்ட்ரிக்ட்கள், அதாவது வட்டாரப் பிரிவுகள். எங்களுடையது தென்மேற்கு, டெக்சஸ், ஓக்லஹோமா, லூசியானா, ஆர்க்கன்சா எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் வசந்த காலத்தில் மாநாடு கூடும். எங்கே கூடுவது என்பதை முந்தைய மாநாட்டிலேயே பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நாங்கள் படங்கள் காட்டி, எங்கள் ஊரின் பார்பிக்யூவைப் புகழ்ந்து பேசி ஜெயித்தோம். பார்பிக்யூவுக்கும் மாநாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஜெயித்தவர்களுக்கு வேண்டியது அறைகள்.

ஏன் அறைகள் என்றால், இது ஒரு மாநாடு இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. காலையில் இரண்டு சங்கங்களும் சேர்ந்து கூட்டுக் கூட்டம். அது முடிந்ததும் தனித்தனியாக இரண்டு கூட்டங்கள், ஒரே நேரத்தில். நடுவே கமிட்டிகள், பயிற்சி வகுப்புகள். எல்லாரும் உட்காரப் பெரிய ஹால் ஒன்று, அதில் பாதிப் பேர் கொள்கிற ஹால் இரண்டு, சின்ன வகுப்பறைகள் ஒரு வரிசை, எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருக்க வேண்டும். வளாகத்தில் அறை ஒதுக்கும் அலுவலகமோ வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் கொடுத்து மிஞ்சியதைத்தான் மாணவர் சங்கங்களுக்குத் தரும். இசைத்துறைக் கட்டடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். வசந்த காலம் மாணவர்களின் தனிக் கச்சேரிக் காலம். மேடைகள் எல்லாம் முன்பே போய்விட்டன. பேண்ட் டைரக்டர் பேசி, பேண்ட் ஹாலை மட்டும் எங்களுக்கு வாங்கித் தந்தார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் கதவு. சங்கத்தின் சடங்குகள் உறுப்பினர் அல்லாத யாரும் பார்க்கக் கூடாதவை. இந்தக் காலத்து வகுப்பறைக் கதவில் எல்லாம் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், சில அறைகளில் சுவரே கண்ணாடி. பழுப்புக் காகிதம் வாங்கி ஒட்டலாம் என்றால், தீயணைப்பு விதிப்படி வெளியேறும் வழிப் பலகைகள் மறையக் கூடாது. காவலாளியிடம் சடங்கு என்று சொன்னால் ஏதோ மாந்திரீகம் மாதிரி பார்க்கிறார். கடைசியில் ஒரு பழைய விரிவுரைக் கூடம் கிடைத்தது. மரக் கதவு, ஜன்னலே கிடையாது, ஏசியும் சுமார்தான். எனக்கு அதுதான் வளாகத்திலேயே அழகான அறையாகத் தெரிந்தது.

அடுத்து மாநாட்டு பேண்ட். வந்தவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்து, முடிவில் வாசிப்பார்கள். புல்லாங்குழல்காரர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். டூபா என்ற பெரிய ஊதுகருவியையும் டிம்பனி என்ற பெரிய முரசையும் யார் பஸ்ஸில் தூக்கி வருவார்கள்? டிம்பனி, பேஸ் டிரம், சைலஃபோன், நாற்காலிகள், நோட்டு வைக்கும் ஸ்டாண்டுகள், எல்லாம் நடத்துகிற கல்லூரியின் தலையில்தான். யார் எதை வாசிப்பார் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டோம். அப்படியும் சாக்ஸஃபோன் வரிசை வழிந்தது, பசூன் வாசிக்க ஆள் தேடினோம். பேண்ட் உலகில் இது எல்லா ஊரிலும் உள்ள நிலைமைதான்.

ஓட்டல், சாப்பாடு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஓட்டலில் மொத்தமாக அறைகள் பிடித்தால் வாடகை குறையும். ஆனால் குறிப்பிட்ட பங்கு நிரம்பாவிட்டால் மீதிக்கும் நீங்களே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு அறைகளைக் குறைவாகவே பிடித்தோம், நிரம்பியதும் கூட்டிக்கொண்டோம். வளாகத்துக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்பதால் பேரம் பேச வழியே இல்லை. சைவம் என்று குறித்தவர்களுக்கு வந்தது பன்னுக்குள் சீஸ். என்னையும் சேர்த்துத்தான். மறுவேளைக்கு என் அறையிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்தேன்.

மாநாடு தொடங்கிய பிறகு நடத்துகிறவர்களுக்கு மேடையில் வேலை இல்லை. தலைமை தாங்குவது டிஸ்ட்ரிக்டின் மாணவ நிர்வாகிகள். விவாதம் சட்டசபை மாதிரி நடக்கும், தீர்மானம், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று. தேர்தலில் வேட்பாளர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினால் அட்டவணை காற்றில் போய்விடும். எங்களுக்குப் பிரச்சினை அங்கேதான் வந்தது. ஒரு சங்கத்தின் தேர்தல் இழுக்க, இன்னொரு சங்கம் முடித்துவிட்டு நடைபாதையில் நின்றது. சாப்பாட்டு வண்டிகள் வந்துவிட்டன. காவலாளி கடிகாரத்தைக் காட்டுகிறார். உள்ளே யாரும் நுழைய முடியாது. வாசலில் நின்ற உறுப்பினரிடம் துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பினேன், “சாப்பாடு ஆறுகிறது” என்று. இடைவேளை விட்டார்கள். எந்த விதிப்புத்தகமும் செய்யாததைப் பசி செய்தது.

மாநாட்டு பேண்ட் நன்றாக வாசித்தது. நான் கேட்டது பாதிதான், அப்போது லூசியானா பஸ் ஒன்றுக்கு நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

கணக்கு முடித்து, அறிக்கை எழுதி, மாநாட்டுக் கோப்பு முழுவதையும் அடுத்த வருடம் நடத்தப்போகும் கல்லூரியிடம் கொடுத்தோம். அவர்கள் அழைத்து, விருந்துக்கு மேஜை அலங்காரம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஹாலுக்கு எழுத்தில் உறுதி வாங்கிவிட்டீர்களா என்று நான் கேட்டேன். “இன்னும் இல்லை” என்றார்கள். அப்புறம் மேஜை அலங்காரம் பற்றி நாங்கள் பேசவே இல்லை.