தைகா ஜங்ஷனில் இறங்கிக்கொண்டவர்கள்

மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் என் குடியரசு கையிலேயே செத்துப்போனது. நான்காவது முறைதான் நின்றது. அது எப்படி நின்றது என்று எழுதிவைத்தால், மாற்று வரலாறு எழுத ஆசைப்படும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

நான் எழுத நினைத்தது சைபீரியாவைப் பற்றிய குறுநாவல். 1918 ஜூலை 4 அன்று ஓம்ஸ்க் நகரில் இருந்த தற்காலிக சைபீரிய அரசு, சைபீரியா தனி அரசு என்று அறிவித்தது. வெள்ளையும் பச்சையும் சேர்ந்த கொடி. பனிக்கு வெள்ளை, காட்டுக்குப் பச்சை. நவம்பர் தொடக்கத்தில் அந்த அரசு தன் அதிகாரத்தை அனைத்து ரஷ்ய அரசு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டது. நவம்பர் 18 அன்று அந்த அனைத்து ரஷ்ய அரசையும் ராணுவ அதிகாரிகள் கவிழ்த்து, அட்மிரல் கொல்ச்சாக்கைச் சர்வாதிகாரியாக உட்கார வைத்தார்கள். நாலே மாதம். அந்த நாலு மாதம் நாலு வருடமாக நீண்டிருந்தால்? இதுதான் என் கேள்வி.

இதில் என்னை இழுத்துப்போட்டவர் பொட்டானின். ஊர் ஊராக நடந்து மங்கோலியாவையும் சைபீரியாவையும் ஆராய்ந்த மனிதர். சைபீரியாவை ரஷ்யாவிலிருந்து பிரிக்கச் சதி செய்ததாக 1865-இல் பிடித்து உள்ளே போட்டார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரும் நண்பர் யாத்ரின்த்செவும் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், எங்கள் ஊரைக் கைதிகளைக் கொட்டும் இடமாக நடத்தாதீர்கள், எங்கள் வரிப்பணத்தில் எங்களுக்கும் பேச்சு வேண்டும், இவ்வளவுதான். பல்கலைக்கழகம் 1888-இல் டோம்ஸ்க் நகரில் திறந்தது. பேச்சுரிமை வர 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் டோம்ஸ்கில் கூடிய மாநாடு சைபீரிய டூமா (சட்டமன்றம்) ஒன்றை அமைக்க முடிவு செய்தபோது, பொட்டானினுக்கு வயது 82. இந்த ஒரு வாழ்க்கைக்காகவாவது அந்தக் குடியரசைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தோடுதான் உட்கார்ந்தேன்.

முதல் பிரதியில் 1918 ஜனவரியைப் பிடித்துக்கொண்டேன். டூமா கூடுவதற்கு முன்பே போல்ஷெவிக்குகள் அதைக் கலைத்து, பிரதிநிதிகளைக் கைது செய்தார்கள். மிஞ்சியவர்கள் ரகசியமாகக் கூடி தேர்பெர் தலைமையில் ஓர் அரசைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிழக்கே ஓடினார்கள். என் கதையில் அந்தக் கைது நடக்காது. எழுபது பக்கம் போனதும் மாட்டிக்கொண்டேன். கைது நடக்காமல் தடுக்க யார் இருக்கிறார்கள்? நகரத்துத் துருப்புகள் டூமாவின் பக்கம் இல்லை. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு வீட்டுக்குப் போனால் போதும். சட்டமன்றக் கதவைக் காக்க ஆள் இல்லாமல் சட்டமன்றத்தை நடத்துவதாக எழுதினால் யார் நம்புவார்கள்? தூக்கி ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது பிரதியில், உலகப்போரில் ரஷ்யாவின் பக்கம் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாக் படையணியைக் கொண்டுவந்தேன். மே மாதக் கடைசியில் அவர்கள் ரயில் பாதை நெடுகக் கிளர்ந்து எழுந்ததால்தான் நிஜத்திலேயே சைபீரிய அரசு பிழைத்தது. என் கதையில் அவர்கள் இன்னும் கொஞ்சம் அன்பாக, இன்னும் கொஞ்ச நாள் தங்குகிறார்கள். அதுவும் நிற்கவில்லை. அவர்கள் சண்டை போட்டதே சொந்த நாட்டுக்குத் திரும்பத்தான். 1918 அக்டோபரில் ப்ராக்கில் அவர்களுக்கென்று ஒரு நாடு பிறந்துவிட்டது. அதற்கப்புறம் ஓப் நதிக்கரையில் யாருக்காகச் சாவார்கள்? இரவல் துப்பாக்கியை நம்பி நாடு கட்டினால் துப்பாக்கிக்காரன் ஊருக்குப் போகும் நாளில் நாடும் போய்விடும். மூன்றாவது பிரதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கொல்ச்சாக்கை நல்லவராக்கிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

பிறகு ஐந்தாறு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை, வாசித்தேன். அப்போதுதான் செப்டம்பர் மாதத்தில் நடந்த ஒரு கொலை கண்ணில் பட்டது. முன்பே பார்த்திருக்கிறேன், வரிக்கு வரி தாண்டிப் போயிருக்கிறேன்.

அலெக்சாந்தர் நவசியோலவ். எழுத்தாளர். ரஷ்யத் திருச்சபையின் சீர்திருத்தங்களை ஏற்காமல் பிரிந்த பழைய நம்பிக்கைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிப்போன பெலவோத்யே என்ற கனவு நாட்டைப் பற்றிக் கதை எழுதியவர். தேர்பெர் அரசில் உள்துறை அமைச்சர். 1918 செப்டம்பரில் அவரும் ஷத்தீலவ், குருத்தோவ்ஸ்கி என்ற இன்னும் இரண்டு அமைச்சர்களும் டூமாவின் தலைவர் யாக்குஷேவும் ஓம்ஸ்கில் இருந்தார்கள். அங்கே அமைச்சரவையில் வலதுசாரிகளின் கை ஓங்கியிருந்தது. டூமாவோ சோசலிஸ்ட்களின் கையில். ஓம்ஸ்க் அரசின் பிரதமர் வொலகோத்ஸ்கி ஊரில் இல்லை, தூரக் கிழக்குக்குப் போயிருந்தார். இரவோடு இரவாக வோல்கோவ் என்ற கர்னலின் ஆட்கள் இவர்களைப் பிடித்தார்கள். மற்ற இரண்டு அமைச்சர்களும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நவசியோலவ் போடவில்லை. அவரைக் காவலில் கூட்டிக்கொண்டு போன அதிகாரிகள் நகருக்கு வெளியே தோப்பில் வைத்துச் சுட்டுக்கொன்றார்கள். வயது 34.

இரண்டு மாதம் கழித்து நவம்பர் 18 கவிழ்ப்பு. அதை முன்னின்று நடத்தியவர்களின் பட்டியலைப் பார்த்தேன். அதில் வோல்கோவ் இருந்தார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். ஒரு கைதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. அதைக் கேட்க வேண்டிய விதத்தில் யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அரசையே கைது செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நான் போல்ஷெவிக்குகளை எப்படித் தடுப்பது என்றே மூன்று பிரதிகளும் யோசித்துக்கொண்டிருந்தேன். என் குடியரசைக் கொன்றதோ அதன் சொந்தக் காவல்காரர்கள்.

அப்போ கதை பிரிய வேண்டிய இடம் செப்டம்பர். எப்படிப் பிரிப்பது? இங்கே வரைபடம் உதவியது. சைபீரிய ரயில் பாதையின் பிரதான வழி டோம்ஸ்க்கைத் தொடாது. தெற்கே தைகா என்ற ஜங்ஷன் வழியாகப் போகிறது. அங்கிருந்து டோம்ஸ்க்குக் கிளைப்பாதை, சுமார் 80 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து ஓம்ஸ்க் போகும் ரயில் தைகாவைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கதையில் நவசியோலவும் மற்ற அமைச்சர்களும் தைகாவில் இறங்கிக் கிளைப்பாதை ரயிலைப் பிடிக்கிறார்கள். ஓம்ஸ்க் கொசாக் குதிரைப்படையினரின் ஊர், அதிகாரிகளின் ஊர். டோம்ஸ்க் பேராசிரியர்களின் ஊர், டூமாவின் ஊர். அமைச்சரவை எங்கே கூடுகிறது என்பதுதான் முழுச் சண்டையும். ஒரு பிளாட்பாரத்தில் எடுத்த முடிவு போதுமாக இருந்தது.

ஆனால் ஊர் மாறினால் மட்டும் நாடு நிற்குமா? பணம் வேண்டும். இதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கிடைத்தது: வெண்ணெய். 1890-களில் சைபீரிய ரயில் வந்ததும், அங்கே விளைந்த கோதுமை மலிவாக மேற்கே வந்து ஐரோப்பிய ரஷ்ய நிலப்பிரபுக்களின் விலையைக் கெடுத்துவிடும் என்று பயந்தார்கள். அதனால் செல்யாபின்ஸ்க்கில் ரயில் கட்டணக் கணக்கை முறித்து, அங்கிருந்து புதிதாகத் தொடங்கி, சைபீரியத் தானியத்துக்குச் சுமைகூலி கூடும்படி செய்தார்கள். விவசாயி பார்த்தான். தானியமாக அனுப்பினால்தானே கூலி அதிகம்? மாட்டுக்குப் போட்டு, பாலைக் கடைந்து, வெண்ணெயாக அனுப்பினான். கொஞ்ச வருடத்திலேயே மேற்கு சைபீரியாவின் குர்கன் பக்கத்திலிருந்து மரப்பீப்பாய்களில் வெண்ணெய் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் போனது. கிராமத்துக்குக் கிராமம் கூட்டுறவுச் சங்கங்கள். சைபீரியாவில் பண்ணையடிமை முறை வேரூன்றியதில்லை, ஜமீன்தார் கிடையாது. சங்கத்தில் கணக்குக் கேட்டுப் பழகிய ஆள் அவன். ஆகவே என் கதையில் டூமாவை வெறும் கட்சிக்காரர்களோடு நிறுத்தவில்லை. பால் சங்கக் கணக்குப்பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தேன். நிஜ டூமாவில் சொத்துக்காரர்களுக்கு இடம் தரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். அது பெரிய தவறு என்பது என் கருத்து. வெளியே நிறுத்தப்பட்ட வியாபாரி நேரே கர்னலைப் போய்த்தான் பார்ப்பான்.

இந்தப் பிரதியை ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தம்பி, ஜனவரியில ரயில் ஓட்டுறியே, என்ஜினுக்குத் தண்ணி எங்க ஏத்துவே?"

"ஸ்டேஷன்ல தான் சார்."

"அங்க மைனஸ் முப்பது, நாப்பதுன்னு நீயே எழுதியிருக்க. தொட்டியில இருக்கிற தண்ணி கல்லாயிருக்குமே. கரி எங்கேருந்து வருது? அதையும் சொல்லு. இது ரெண்டும் இல்லேன்னா உன் அமைச்சர் எல்லாம் பிளாட்பாரத்துலயே உறைஞ்சு போயிடுவாங்க."

சரி என்று மறுபடி தேடினேன். அந்தப் பாதையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களுக்குள் அடுப்பு இருந்தது. குளிர்காலம் முழுக்க ஓர் ஆள் விறகு போட்டு, தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரிக்குப் பதில் இன்னும் அருமையாக அமைந்தது. தைகாவுக்குச் சற்றுக் கிழக்கே அன்ஜெர்கா, சுத்ஜென்கா நிலக்கரிச் சுரங்கங்கள். ரயிலுக்கான கரி அங்கிருந்துதான். ஆக, யார் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளோடு ஒத்துப்போகிறார்களோ அவர்களுடைய ரயில்தான் ஓடும். அதுவரை என் கதையில் தொழிலாளர்கள் கூட்டத்தில் கோஷம் போடுகிறவர்களாக மட்டும் இருந்தார்கள். அவரிடம் பேசிய பிறகு ஒரு முழு அத்தியாயம் சேர்த்தேன். சம்பளப் பாக்கி, எட்டு மணி நேர வேலை, பேச்சுவார்த்தை. தொட்டிக்குக் கீழே அடுப்பு மூட்டுகிற கிழவர் ஒருவரும் வந்து சேர்ந்தார். கதையில் எனக்கு ரொம்ப வேண்டியவர் அவர்தான்.

கஷ்டமாக இருந்தது அல்தாய் அத்தியாயம். 1918-இல் அல்தாய் மக்கள் தங்களுக்கென்று கரக்கோரம் என்ற பெயரில் ஒரு தன்னாட்சி நிர்வாகத்தை அமைத்தார்கள். தலைவர் ஓவியர் கிரிகோரி குர்கின். மாஸ்கோவிடமிருந்து பிரிந்த டோம்ஸ்க்காரர்களிடம் அவர் வந்து, "நீங்கள் கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்று சொன்னால்? முதலில் டூமா பெருந்தன்மையாகக் கொடுத்துவிடுவதாக எழுதினேன். அடித்துவிட்டேன். குடியேறிய ரஷ்ய விவசாயிக்கு நிலம் வேண்டும், அல்தாய்க்காரருக்கு மேய்ச்சல் வேண்டும், அது ஒரே நிலம். பல மாதம் இழுத்து, பாதி கொடுத்து, ஒரு சட்டத்தை ஒத்திப்போட்டு முடிகிறது அந்த அத்தியாயம். குர்கின் திருப்தி இல்லாமல்தான் திரும்பிப் போகிறார். நிஜ வாழ்க்கையில் அவரை 1937-இல் சுட்டுக் கொன்றார்கள் என்பது தெரிந்த பிறகு, அவர் மலைக்குத் திரும்பும் அந்தப் பக்கத்தை என்னால் வேகமாக எழுத முடியவில்லை.

எத்தனை வருடம் இந்த நாடு வாழலாம் என்பதற்கு ஒரு நிஜ அளவுகோல் இருந்தது: தூரக் கிழக்குக் குடியரசு. 1920 ஏப்ரல் 6 அன்று பிறந்தது. சிகாகோவில் சட்டம் படித்த கிராஸ்னஷ்சோக்கவ் அதன் தலைவர். தேர்தல் நடத்தினார்கள், 1921-இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். ஆனால் மாஸ்கோவுக்கும் ஜப்பானியப் படைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவராகவே மாஸ்கோ அதை வைத்திருந்தது. ஜப்பானியப் படை கப்பலேறியதும் 1922 நவம்பரில் கதவைச் சாத்திவிட்டார்கள். என் டோம்ஸ்க் குடியரசையும் அந்த ஆண்டைத் தாண்டி வாழவைக்க எனக்கு மனசு வரவில்லை. செம்படை பெரிது, சைபீரியாவின் மக்கள்தொகை சிறிது. அதை மறைத்து எழுதினால் ஏமாற்று. 1922-இல் முடிகிறது, ஆனால் ஒரு தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு முடிகிறது.

கடைசி அத்தியாயத்தை மட்டும் காலவரிசையை மீறி 1918 டிசம்பருக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். வோல்கோவின் வழக்கு. என் கதையில் அவர் தைகாவுக்கே ஆள் அனுப்பி அமைச்சர்களைப் பிடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறார். டோம்ஸ்க் பல்கலைக்கழகத்தின் ஒரு கூடத்தில் விசாரணை. ஜூரியில் ஒரு பால் சங்கக் கணக்குப்பிள்ளை இருக்கிறார். தீர்ப்பு வருகிறது, சிறை. அவரைச் சிறைக்குக் கூட்டிப் போக நாலு சிப்பாய்கள். நாலு பேரும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். பாதை ஒரு தோப்பு வழியாகப் போகிறது. பனி. அமைச்சர் நவசியோலவ் தன் அறையில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தைப் பதினோரு முறை எழுதினேன். தோப்புக்குள் என்ன நடந்தது, சிப்பாய்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதியதெல்லாம் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். விடியற்காலையில் ஒரு சிப்பாய் வந்து, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைக்கிறான். சிறை அதிகாரியின் கையெழுத்து, மை கொஞ்சம் பரவியிருக்கிறது. கைதி ஒருவர், உயிருடன் பெற்றுக்கொள்ளப்பட்டார், காலை 4 மணி 10 நிமிடம். நவசியோலவ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கோப்பில் வைத்து நூலால் கட்டுகிறார்.