பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர்: வாங்கும் முன் நான் பார்க்கும் இடங்கள்

எம்ஜிபி ரோட்ஸ்டர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான திறந்த கார். பிரிட்டனில் இன்றும் நிறைய விற்பனைக்கு வருகிறது. உதிரி பாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்துவிடுவேன். 1798 சிசி எஞ்சின் எளிமையானது, பழைய கார் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இறக்கிப் பிரித்து வேலை பார்த்துவிடுவார். பாடி அரித்திருந்தால் கதை வேறு. சில சமயம் வெல்டிங் கூலியே காரின் விலையைத் தாண்டும்.

இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, மேலே கூரையும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து வளையாமல் காப்பது பெரும்பாலும் கதவுகளுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற பகுதிதான். வெளியே தெரியும் தகடு மட்டும் சில் அல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, அடியில் கோட்டை மதில்போல் ஏறி இறங்கும் காசில் ரெயில் என நான்கும் சேர்ந்த பெட்டி அது. துரு உள்ளிருந்து தொடங்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கிறது என்றால் நடுத்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

மலிவாக வேலை பார்த்தவர்கள் அரித்த சில்லின் மேலேயே புதுத் தகடு ஒட்டி வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கக் கீழே படுத்துதான் ஆக வேண்டும். டார்ச் அடித்து காசில் ரெயிலைப் பாருங்கள். மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிய வேண்டும், தண்ணீர் வடிகிற இடைவெளிகள் அடைபடாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மொழுக்கென்று தட்டைத் தகடோ, கெட்டியாகப் பூசிய கறுப்பு அண்டர்சீலோ (துருத்தடுப்புப் பூச்சு) இருந்தால் உள்ளே எதையோ மூடியிருக்கிறார்கள். வெளிச் சில் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ளேயும் நீண்டு போகிறது. அதனால் முறையாக மாற்ற முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். பிரித்துப் போட்டபோது எடுத்த படம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் படம் எடுத்து வைத்திருப்பார்.

அடுத்து கதவு இடைவெளி. கதவின் பின் விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே குறுகி, கீழே விரிந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு, அடித்தகடு உறுதியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபின், ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க இறுகினாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள். புதுச் சில் போட்ட காரிலும் இது நடக்கும். கதவு வாயில் குறுக்குக் கம்பி வைத்துப் பிடிக்காமல் பழைய சில்லை வெட்டினால், வளைந்த நிலையிலேயே பாடி வெல்டாகிவிடும். அதைப் பின்னால் திருத்த வழி கிடையாது, எல்லாவற்றையும் மறுபடி வெட்டுவதைத் தவிர.

துரு பிடிக்கும் மற்ற இடங்கள்: முன் சக்கரத்துக்குப் பின்னால் மண் சேரும் தடுப்புத் தகடு, பின் இலை ஸ்பிரிங்கின் முன் மவுன்ட், சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரி பெட்டிகள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரி, அதன்பின் ஒரே 12 வோல்ட். பழைய காரில் ஒற்றை 12 வோல்டுக்கு மாற்றியிருந்தால் குறையில்லை. ஆனால் மூடியைக் கழற்றி அடித்தகடு இருக்கிறதா என்று பார்க்காமல் வராதீர்கள். பெட்ரோல் டேங்க் மேற்புறம்தான் முதலில் ஓட்டையாகும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் வாடை வந்தால் காரணம் அதுவே. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டின் கீழ் ஓரங்களில் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தடிமனாகப் பட்டி வைத்திருக்கிறார்கள். கதவில் சிறு முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே கீறல் இருப்பது சகஜம். விலை பேச உதவும், காரை வேண்டாமென்று தள்ள அது காரணமல்ல.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிளே (தளர்வான ஆட்டம்) தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிளே நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின். கிங்பினுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் சீக்கிரம் தேயும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளைச் சுற்றிப் பழைய கிரீஸ் காய்ந்து கிடக்கிறதா, புதிதாக இருக்கிறதா என்று பார்த்தாலே பராமரிப்பு தெரிந்துவிடும். கம்பிச் சக்கரம் உள்ள காரில் இன்னொன்றும் உண்டு. பிரேக்கை அழுத்திப் பிடிக்க வைத்து, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) நகராமல் சக்கரம் மட்டும் அசைந்தால், இரண்டையும் கோக்கும் ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரம் மட்டும் புதிதாக வாங்கிப் பழைய ஹப்பில் மாட்டினால் புதிதையும் அது தின்றுவிடும், ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஞ்சினை நாம் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி முன்பே போனில் கேட்டுக்கொள்வேன். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். நன்றாகச் சூடேறி ஓடும்போது ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 10 முதல் 25 வரை இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் காட்டும் நல்ல பிரஷரை நம்பக்கூடாது. வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தம் லேசாகக் கேட்பதே நல்லது. சுத்தமாகச் சத்தமே இல்லையென்றால் வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) குறைந்திருக்கலாம். அப்படி ஓட்டினால் எக்சாஸ்ட் வால்வு கருகும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஹெட்டில் கடின வால்வு சீட் போட்டதற்கு ரசீது இருந்தால் ஈயமில்லாப் பெட்ரோலால் சீட் தேயும் என்ற கவலை இல்லை. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது, பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கெடுக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

ஓட்டும்போது இரண்டாம் கியருக்கு இறக்கிப் பாருங்கள், சிங்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவும் பாகம்) முதலில் போவது அங்கேதான். 1967 இறுதிக்கு முந்தைய கார்களில் முதல் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது, நகரும்போது கரகரத்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் நான்காம் கியரில் மணிக்கு 50 மைல் வேகத்தில் ஸ்விட்ச் போடுங்கள்; ஆர்பிஎம் ஐந்தில் ஒரு பங்கு போலச் சட்டென்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் ஒயரிங்கையும் கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் சந்தேகியுங்கள். பல சமயம் சின்ன வேலையோடு முடியும்.

காகிதங்களில் வி5சி பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரிலுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். 40 வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. அதனால் பல கார்கள் ஆண்டுக்கணக்கில் யாரும் அடியில் பார்க்காமலே விற்பனைக்கு வருகின்றன. பழைய சோதனை முடிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில் அருகே அரிப்பு என்று எந்த ஆண்டில் எழுதினார்கள், அதற்குப்பின் என்ன வேலை நடந்தது என்று தேடுங்கள். கட்டணம் நான் தருகிறேன், ஒரு எம்ஓடி நிலையத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்று விற்பவரிடம் கேட்பேன். மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன்.