கசப்பைப் பெயரில் வைத்த ஒயின்

ரிசொட்டோ என்ற குழைவான அரிசி உணவு மேசைக்கு வந்தபோது அரிசி ஊதா நிறத்தில் இருந்தது.

இத்தாலியின் வெரோனாவில் ஒரு சின்ன உணவகம். அமரோனே என்ற சிவப்பு ஒயினை ஊற்றி ஊற்றியே வேகவைத்து, கடைசியில் சீஸ் துருவிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பருக்கையின் விளிம்பிலும் கருஞ்சிவப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. பக்கத்தில் அதே ஒயின் ஒரு கிளாஸ்.

கொர்வினா, கொர்வினோனே, ரொந்தினெல்லா. வெரோனாவை ஒட்டிய வால்போலிச்செல்லா குன்றுகளில் விளையும் இந்தத் திராட்சைகளை, அமரோனே செய்வதற்கென்றால் பறித்ததும் பிழிய மாட்டார்கள். காற்றோட்டமான பரணில் மூன்று, நான்கு மாதம் உலர விடுவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீராகவே போய்விடும். சுண்டி நிற்கிற அந்த இனிப்பு பெரும்பாலும் நொதித்து ஆல்கஹாலாக மாறுவதால்தான் குறைந்தது 14 சதவீதம்.

'அமரோ' என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு.

மென்மையான மீன் இதன் முன்னால் நிற்காது. மணிக்கணக்கில் ஒயினில் வெந்த மாட்டிறைச்சி சரி, காட்டுப்பன்றி இன்னும் சரி. எனக்கோ முதிர்ந்த பார்மிஜானோ சீஸ் போதும். ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டால் படிகங்கள் நறநறக்கும். அப்புறம் ஒரு மிடறு. உலர்ந்த செர்ரி, கோகோ, கடைசியில் அந்தக் கசப்பு.

பரணில் மாதங்கள் போதாதென்று, குறைந்தது இரண்டு ஆண்டு முதிர வைத்த பிறகே விற்கலாம் என்பது அங்கே சட்டம். இன்னொருவர் இவ்வளவு காலம் எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

அந்த ஒரு கிளாஸைக் குடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவசரப்பட மனசு வரவில்லை.