அம்பாசமுத்திரத்து வீட்டில் ஒரு கிரேட் டேன்

நாய் வாங்குவதென்று வீட்டில் முடிவானபோது, ஏழாம் வகுப்பில் இருந்த மகள் கேட்டது செயின்ட் பெர்னார்ட். ஆல்ப்ஸ் மலையில் 2,400 மீட்டருக்கும் மேலே ஒரு கணவாயில் இருக்கும் மடத்துத் துறவிகள், பனியில் சிக்கியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்திருந்த இனம் அது. அக்கினி நட்சத்திரத்தில் வீட்டு முன்புறத் தார்சாவில் வெறுங்காலை ஊன்ற முடியாத அம்பாசமுத்திரத்தில் அதைக் கொண்டுவந்து கட்டுவது பாவம் என்று அவளுக்கு விளங்கவைக்க ஒரு வாரம் ஆனது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உடல் பெரிதாகப் பெரிதாக அது பெரும்பாடாகிறது. அதன் மேல் கம்பளி போல மயிரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் இராஜபாளையமும் பக்கத்திலேயே இருக்க, அவை இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இனங்களாகவும் இருக்க, நாங்கள் வேறெங்கோ தேடியதற்கு ஆசையைத் தவிர நியாயம் எதுவும் கிடையாது. குட்டை மயிர் என்ற ஒரே சமாதானத்தோடு, ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட கிரேட் டேன் இனத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் போன இடத்தில் 30 நாள் குட்டியைக் கையில் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்றதும், "அது வெளியூர்ல நிக்கி சார்" என்றார்கள், திரும்பிவிட்டோம். 8 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்தால்தான், விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். பின்னால் 60 கிலோவைத் தாண்டப்போகிற பிராணிக்கு அந்தப் பாடம் தவறவே கூடாது. வேறோரிடத்தில், முன்பின் தெரியாத எங்களைக் கண்டு குரைத்தாலும், ஐந்து நிமிடத்தில் வந்து என் மனைவியின் மேல் சாய்ந்து நின்ற ஒரு தாயைப் பார்த்த பிறகுதான் துரையை வாங்கினோம். அவன் ஆறு மாதத்தில் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்துவிட்டு என் அம்மா கூடத்தைக் காட்டிச் சொன்னது: "இது நிக்கதுக்கே நம்ம பட்டாசல் பத்தாதே!"

அந்த வளர்த்தியில்தான் ஆபத்து இருக்கிறது. எலும்பு உறுதிப்படட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் பேரினக் குட்டியின் குடல், மிகுதியாக வரும் கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு கோணலாக வளரும். அளவுக்கு மீறிய தீனியும் அப்படித்தான், எலும்பு முதிர்வதற்குள் எடையை ஏற்றிவிடும். ஆகவே வாரந்தோறும் அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் துரையை ஏற்றி, எடையைக் குறித்துவைத்தேன்; விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது என்பதே கணக்கு. ஒன்றரை வயது வரை மொட்டை மாடிப் படி ஏற விடவில்லை. டைல்ஸ் தரையில் கால் வழுக்கி மூட்டு பிசகாதிருக்க விரித்த கோரைப் பாயை இரண்டே நாளில் கிழித்துவிட்டதால், சாக்குகளைத் தைத்துப் போட்டோம். வெறுந்தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப் போவதையும் அது ஓரளவு தடுத்தது.

நான் உண்மையில் பயந்தது ஒன்றுக்குத்தான். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள இந்த நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிரம்பி, அது அப்படியே முறுக்கிக்கொள்வதுண்டு. இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உணவை ஒரே வேளையாக வைக்காமல் பிரித்து வைப்பதும், தின்றபின் ஓடவிடாதிருப்பதும் நம் கையில் உள்ளவை. ஆனாலும் ஒரு நாள் இரவு, சாப்பிட்ட கையோடு குரங்கைத் துரத்திவிட்டு வந்த துரை, ஒன்றும் வெளியே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். வயிறு மத்தளம் போல விறைத்திருந்தது. அந்த எடையைத் தூக்கி வண்டியில் ஏற்ற இரண்டு பேர் போதாது. குட்டியிலேயே ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, வேனில் தானாக ஏறப் பழக்கியிருந்ததுதான் அன்று கைகொடுத்தது. வீரவநல்லூர் தாண்டும்போது பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான், வயிறு தளர்ந்தது. இருந்தாலும் திரும்பவில்லை; திருநெல்வேலிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, முறுக்கு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே வீடு வந்தோம்.

கோடையில் காலை 5 மணிக்கே ஆற்றங்கரை நடையை முடித்துவிடுகிறோம். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்த்து, சுடாவிட்டால்தான் வெளியே கூட்டிப்போவது. மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. துரைக்கு 5 வயதுதான் ஆகிறது, அதற்குள் வாயோரம் நரைத்துவிட்டது. இந்த இனத்துக்கு ஆயுள் 7 முதல் 10 ஆண்டுகள் என்பது வாங்கும்போதே தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அந்த நரையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பூச்சி மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு தடவைக்கு ஆறு கொடுக்க வேண்டும். மகள் அவற்றை இட்லிக்குள் பொதிந்து ஊட்டுகிறாள். ஐந்தை விழுங்கிவிட்டு, ஆறாவதை மட்டும் எப்படியோ கண்டுபிடித்து அவள் காலடியில் துப்பிவிடுகிறான்.